தேதி கேட்காத கம்ப்யூட்டர்

பேய், ஆவி, காத்துக் கருப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை. பட்டாபிராமில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா ஜெப எண்ணெய்ச் சீசாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், நான் பின்னாலேயே போய் முதலில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று கத்திவிட்டு வருவேன், அதனால் தெருவில் எனக்கு வாயாடி ரோசி என்றே பெயர். அந்த வாயாடிதான் இதைச் சொல்கிறேன். நீங்களும் கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர், கேட்டுக்கொண்டே வரும்போது எங்கே தப்பு நடந்திருக்கும் என்று உங்கள் புத்தி தேடும், எனக்குத் தெரியும். தேடுங்கள். நானும் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், கிடைத்தால் நிம்மதியா இல்லை நஷ்டமா என்றுதான் எனக்கே தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நாதன் சார் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருந்தார். புரோகிராம் எழுத நாங்கள் இரண்டே பேர், நானும் குமரேசனும். நூம்பல் பக்கம் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ஸ்டோர்ஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம், எந்தச் சரக்கு முதலில் வந்ததோ அது முதலில் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் வளையமெல்லாம் அலமாரியிலேயே கெட்டுப்போகும். குமரேசன் நூம்பல்காரன். அவன் தாத்தா மற்றவர் நிலத்தில் நாற்று நட்டவர், அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர், இவன் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வீட்டுக்குப் பக்கம் என்று அவனை அந்தத் தொழிற்சாலை ஸ்டோர்ஸ் அறையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார் நாதன் சார், நான் அம்பத்தூரில்.

ஒரே புரோகிராமை இரண்டு இடத்தில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும்? அவன் மாற்றியது என்னிடம் இருக்காது, நான் மாற்றியது அவனிடம் இருக்காது. இன்றைக்கு அதற்கெல்லாம் என்னென்னவோ வந்துவிட்டது, அன்றைக்கு ஃபிளாப்பியும் பஸ்ஸும்தான். இங்கே இருக்கிற ஃபைல்களையும் அவற்றின் தேதி, நேரப் பட்டியலையும் ஃபிளாப்பியில் போட்டு, ஆபீஸுக்கு வந்துபோகும் குமரேசன் அங்கே கொண்டுபோக வேண்டும், அங்கே நான் எழுதிவைத்த ஒரு குட்டிப் புரோகிராம் இரண்டு பக்கத்துத் தேதியையும் ஒப்பிட்டு, எது புதுசோ அதைப் பழசின்மேல் எழுதிவிடும். அவ்வளவுதான் அதன் மூளை.

இதில் குமரேசனோடு எனக்கு ஓயாத சண்டை. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மணியை நினைவில் வைத்துக்கொள்ளும் பேட்டரியே கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்றைக்கு என்ன தேதி, என்ன மணி என்று நம்மையே கேட்கும், நாம் தட்டினால்தான் உண்டு. எங்கள் பக்கத்தில் ரயிலையும் பஸ்ஸையும் பிடிக்கிற எந்த வீட்டுக் கடிகாரம் சரியான மணி காட்டியிருக்கிறது? எல்லாவற்றையும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளித்தான் வைப்பார்கள். இவன் கம்ப்யூட்டரையும் அப்படியே வைத்தான். அதனால் இருவரும் ஒரே நேரத்தில் எதையாவது மாற்றியிருந்தால் அவன் மாற்றியதுதான் புதுசு என்று ஜெயிக்கும், என் வேலை காணாமல் போகும். கேட்டால், "பஸ்ஸ உடக்கூடாதுல்ல ரோசி" என்பான், முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்காது. எனக்கு வருகிற கோபத்தில் இரண்டு நாள் பேசமாட்டேன், மூன்றாம் நாள் அவன் வராவிட்டால் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து அம்பத்தூர் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தான். ஸ்டோர்ஸ் புரோகிராமில் அவன் பகுதியை முடித்துவிட்டதாகச் சொன்னான். "ஃபிளாப்பிய மறந்து அங்கியே உட்டுட்டேன், திங்கக்கெயம எத்துகினு வரேன்" என்றான். ரயில் வரும் நேரத்தில், "ஊட்ல கேட்டியா இல்லியா? நீ பாட்டுக்கு கம்முனு இருந்தினா நான் இன்னான்னு எடுத்துக்கறது?" என்றான்.

"நாளைக்கு சர்ச்சு முடிஞ்சி வந்து அம்மாகிட்ட கேக்கறேன். திங்கக்கிழம பதில் சொல்றேன், போதுமா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். வேறு சபை என்றாலே முகம் சுளிக்கிற குடும்பம், இவன் நூம்பல் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பையன். அம்மா அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், பாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றாள். ராத்திரி பாய் விரிக்கும்போது, "சரி, உன் இஷ்டம், கர்த்தர் பாத்துக்கட்டும்" என்றாள். எனக்குத் தூக்கமே இல்லை. திங்கட்கிழமை காலை ரயிலில் நின்றுகொண்டே போனேன், வாயில் அந்த ஒரே சொல், சரி. எப்படிச் சொல்வது, உடனே சொல்வதா, மத்தியானம் வரை அலைய விட்டுச் சொல்வதா என்றுதான் யோசனை.

ஆபீஸ் வாசலில் நாதன் சார் நின்றிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் பூந்தமல்லி ரோட்டில் லாரி மோதிக் குமரேசன் போய்விட்டான் என்றார்.

அவன் வீட்டில் நான் ஆபீஸ் ஆட்களோடு ஆளாக ஓரமாய் நின்றேன். அவன் தங்கை வந்து, "நீங்க ஆபீஸாக்கா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் அம்மா அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அந்த உரிமைகூட எனக்கு இல்லை. என்னிடம் இருந்தது கொடுக்காத ஒரு பதில் மட்டும்தான், அதைக் கொடுக்கவும் ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் ஆபீஸுக்குப் புது கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஆபரேட்டிங் சிஸ்டமும் புதுப் பதிப்பு, நம் நாட்டு வழக்கத்துக்கு மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள், எல்லாருக்கும் பெருமை. நாதன் சார் தானே ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு நூம்பலுக்குப் போய் என் குட்டிப் புரோகிராமை ஓட்டிவிட்டு வந்தார். குமரேசன் அங்கே மறந்துவைத்த ஃபிளாப்பியிலேயே ஃபைல்களை மேலே எழுதிக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் அதைத் திறந்து பார்க்கிறேன், குமரேசன் முடித்ததாகச் சொன்ன பகுதி இல்லை. பாதியில் நின்றுகொண்டிருந்த பழைய ஃபைல்தான் இரண்டு பக்கமும் இருந்தது.

அவன் கடைசியாகச் செய்த வேலை அது. எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. வைரஸ் என்றார் நாதன் சார், அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் வைரஸ்தான். ஃபிளாப்பி கெட்டுப்போயிருக்கும் என்றார் பக்கத்து ஆபீஸ்காரர். நான் இரண்டு பக்கத்துப் பட்டியலையும் அச்சடித்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். என் புரோகிராம் என்ன முடிவு எடுத்தது என்று அதையே ஒவ்வொரு கட்டமாக எழுதிக் காட்ட வைத்தேன். அதில் ஒரு ஃபைலுக்கு மாதம் பதினெட்டு என்று வந்தது. பதினெட்டாம் மாதத்தை அது வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் விளங்கியது. பழைய பதிப்பு மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் காட்டும். புதியது நம் வழக்கப்படி நாளை முன்னால் காட்டியது. என் புரோகிராமுக்கு இது தெரியாது, முதலில் வருவது மாதம் என்றே படித்தது. மார்ச் ஆறாம் தேதி எழுதின பழைய ஃபைலை ஜூன் மூன்றாம் தேதியுடையது என்று நினைத்துக்கொண்டது. குமரேசனுடையது மார்ச் கடைசி. ஜூன் புதுசு இல்லையா, அதை எடுத்து அவன் வேலையின்மேல் எழுதிவிட்டது. அவன் எப்போதும் முன்னால் தள்ளிவைத்த அந்தப் பத்து நிமிஷத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருமுறைகூடத் தோற்காதவன் கடைசியில் தோற்றான், அதுவும் பழைய ஃபைலிடம்.

என் புரோகிராமைத் திருத்திவிட்டேன். ஆனால் அழிந்தது அழிந்ததுதானே. "நீயே உக்காந்து எழுதிடும்மா, அடுத்த வாரம் காட்டணும்" என்றார் நாதன் சார். எனக்கு ஒரு நப்பாசை, வேறு பெயரில் எங்காவது ஒரு பிரதி வைத்திருப்பானோ என்று. மற்ற நாட்களில் ஸ்டோர்ஸ் ஆட்கள் அந்த மெஷினைச் சுற்றி நிற்பார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆராதனைக்கு வராததற்கு அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வேலப்பன்சாவடி, அப்புறம் வெயிலில் நடை. நட்டநடு மத்தியானம். இருட்டு, மழை, நாய் ஊளை என்று நீங்கள் எதிர்பார்க்கிற எதுவும் அங்கே இல்லை.

காவலுக்கு இருந்தவர் எத்திராஜ் அண்ணன், குமரேசனோடு தினமும் டீ குடித்தவர். "இன்னாம்மா, நாய்த்துக்கெயமல வந்துக்கிற? மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி வாடிக்கீது?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டோர்ஸ் அறையைத் திறந்துவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். தேதி கேட்கும் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. நேராக வேலைக்குத் தயாராகி நின்றது. நான் பயப்படவில்லை, நம்புங்கள் நம்பாமல் போங்கள், எனக்கு எரிச்சல்தான் வந்தது, எவனோ எதையோ நோண்டியிருக்கிறான் என்று. மணி என்ன என்று கேட்டேன். என் கைக்கடிகாரத்தைவிடப் பத்து நிமிஷம் முன்னால் காட்டியது. கைக்கடிகாரத்தைக் காதோடு வைத்துக் கேட்டேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஸ்டோர்ஸ் ஃபைலுக்கு அன்றைய தேதி. திறந்தேன். பாதியில் நின்ற பகுதி முடிந்திருந்தது. குமரேசன் எழுத்து எனக்குத் தெரியும், புரோகிராமுக்கும் கையெழுத்து உண்டு, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவன் எப்போதும் விடுகிற இடைவெளி, அவன் வைக்கிற பெயர்கள், எல்லாம் அவனுடையது. அதில் மாதம் முன்னால் வரும் தேதிக்கு ஒரு வழியும் நாள் முன்னால் வரும் தேதிக்கு ஒரு வழியும் இருந்தது, புதுப் பதிப்பு வந்ததே அவன் போன பிறகுதான். நம் ஊரில் நாள்தானே முன்னால், அதனால் யோசித்து வைத்திருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் அந்தப் பழைய ஃபைல் மேலே ஏறி உட்கார்ந்ததை நான் அச்சடித்தே பார்த்தவள்.

கடைசியில் நான் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது, சரக்குப் பட்டியலை வரிசையாகத் திரையில் காட்டுகிற பகுதி, அது எப்போதும் என் வேலை. என்ன செய்வது என்று தெரியாமல் அதை எழுத ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வேன்? எழுந்து ஓடினால் போய்விடுவானோ என்று இருந்தது. எழுதி, சேமித்துவிட்டு, தொண்டை வறண்டு வெளியே வந்தேன். "பானைல தண்ணி கீது, குடி" என்றார் எத்திராஜ் அண்ணன். குடிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது, வழக்கம்போல ஒன்று குறைவாக எண்ணிவிட்டேன், கடைசிச் சரக்கு பட்டியலில் வராது. இந்தத் தப்பை நான் எத்தனை முறை செய்தாலும் குமரேசன் ஒன்றும் சொல்லாமல் திருத்திவைப்பான். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த வரியைத் திருத்தத் திறந்தால், திருத்தியிருந்தது.

எத்திராஜ் அண்ணன் என்னோடு பானைப் பக்கத்தில்தான் நின்றார். அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை. நான்தான் சரியாக எழுதிவிட்டுத் தப்பாக எழுதியதாக நினைத்துக்கொண்டேனா? இருக்கலாம் என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

நான் அழுதேன். சத்தம் வராமல் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருக்கிறான் என்ற நினைப்பு அப்படியொரு சந்தோஷமாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஆபீஸில் ஃபோன் நாதன் சார் அறையில் இருந்ததால் எனக்கும் அவனுக்கும் ஒரு பழக்கம் உண்டு, ஏதாவது சொல்லவேண்டும் என்றால் புரோகிராமுக்கு நடுவில் ஒரு குறிப்பு வரி எழுதிவிடுவோம். கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, மனுஷருக்கு மட்டும்தான். சாப்பிட்டாயா, இன்றைக்கு ஐந்தரை ரயில், கோபமா, இப்படி. படித்தவர் அதை அழித்துவிட வேண்டும், சார் கண்ணில் படக்கூடாது. ஃபைலின் அடியில் போய் ஒரு குறிப்பு வரி திறந்து, தமிழ் எழுத்து அதில் ஏது, ஆங்கில எழுத்தில் சரி என்று எழுதினேன். சேமித்தேன்.

உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே போய் வந்தேன், பானையில் வேண்டுமென்றே இன்னொரு டம்ளர் குடித்தேன், ஃபைலைத் திறந்தேன், அந்த வரி அப்படியே இருந்தது. மறுபடி போனேன், மறுபடி வந்தேன். என் தப்பைத் திருத்த வந்தவன் இதற்கு வரமாட்டானா என்று ஆத்திரமாக வந்தது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், வேலை என்றால் நிமிஷத்தில் பதில், மற்றதற்கு ஆடி அசைந்து வருவான். வெயில் சாய்ந்தது. "அப்பால பஸ்ஸு கெடைக்காதும்மா, கெளம்பு" என்றார் எத்திராஜ் அண்ணன். ஃபைலை ஃபிளாப்பியில் ஏற்றி, ஏறியது சரிதானா என்று அந்த ஃபிளாப்பியிலிருந்தே ஒருமுறை திரையில் ஓட்டிப் பார்த்தேன். அடியில் சரி இருந்தது. கண்ணால் பார்த்தேன். ஃபிளாப்பியைப் பைபிள் வைக்கிற கைப்பையில் போட்டுக்கொண்டு, மெஷினை அணைத்துவிட்டு, ஏதோ தோன்றி மறுபடி போட்டேன். தேதி என்ன என்று கேட்டது, எப்போதும்போல. ஃபைல் பாதியில் நின்ற பழைய ஃபைலாக இருந்தது.

பஸ்ஸில் பையை மடியில் அணைத்துக்கொண்டே வந்தேன். ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை அம்பத்தூரில் அதைத் திறந்தேன். குமரேசனின் பகுதி முழுசாக இருந்தது, என் பகுதியும் இருந்தது, ஒன்று குறையாமல் எண்ணியது. அந்த வாரமே தொழிற்சாலையில் அதைக் காட்டினோம், ராத்திரி கண்விழித்து எழுதினாயா என்று நாதன் சார் பாராட்டினார், ஆமாம் சார் என்றேன். நூம்பல் மெஷினைப் பிறகு ஒருநாள் மெக்கானிக் கழற்றியபோது கூடவே நின்று பார்த்தேன், பேட்டரி வைக்க அதில் இடமே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக்காரர் நல்ல மனுஷர், அவரிடமும் இதைச் சொன்னதில்லை. மற்றதற்கெல்லாம் ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடலாம், நான் ஒரு மாதிரி இருந்தேன், மெஷின் ஒரு மாதிரி இருந்தது, என்னவோ. நீங்களும் கண்டுபிடிப்பீர்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை ஃபைலின் அடிக்குப் போய்ப் பார்த்தேன், அதைத்தான் சொல்லவந்தேன். நான் சரி என்று எழுதியிருந்த வரி அங்கே இல்லை.